12 மணி நேர ஓய்வில் 5 மணி நேரத் தூக்கம்: "களைப்பாக இருக்கிறேன்" என்று எப்போது சொல்வது?

வலது இருக்கை

வணக்கம். கோபைலட்டாக இது எனக்கு நாலாவது வருடம். குறுகிய தூர செக்டர்கள்தான் (ஒரு முறை கிளம்பி இறங்குவது ஒரு செக்டர்): நாளுக்கு நாலு, சில நாள் ஐந்து. இந்த மன்றத்தில் இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்ததோடு சரி. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

தொடர்ந்து ஐந்து நாள் விடியற்காலை டியூட்டி. ரிப்போர்ட்டிங் 4:30, அலாரம் 2:40. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் காபி தாங்கும். இரவு 7 மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தாலும் 10 மணி வரை தூக்கம் வராது. வந்த பிறகும் நிம்மதி இல்லை. 12:30-க்கு ஒரு முறை, 1:45-க்கு ஒரு முறை என்று தானாக விழிப்பு வரும். இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று போனைப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் பல் துலக்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை. பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அன்று நாலாவது செக்டர், இறங்கிக்கொண்டிருந்தோம். விமானத்தை ஓட்டியது நான், ரேடியோ கேப்டனிடம். 7000 அடிக்கு இறங்கச் சொன்னார் கண்ட்ரோலர். கேப்டன் சரியாகத் திருப்பிச் சொன்னார். நான் உயரத்தை அமைக்கும் குமிழைத் திருகி, வழக்கப்படி விரலால் அந்த எண்ணைச் சுட்டி "ஏழாயிரம்" என்றேன். கேப்டனும் பார்த்து "செக்டு" என்றார். அங்கே இருந்த எண் 6000. என் விரல் 6000-ஐச் சுட்டுகிறது, வாய் 7000 என்கிறது, இரண்டு பேர் கண்ணும் அதை ஏற்றுக்கொள்கிறது. 8000 தாண்டிய பிறகுதான் கேப்டன், "இரு, நமக்கு ஏழுதானே?" என்றார். திருத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. கீழே வேறு விமானம் இல்லை, வானிலை சுத்தம்.

தரையிறங்கிய பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "எனக்கும் இன்று ஐந்தாவது காலை."

ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையை, மணிக்கணக்கு வைத்துச் சரிபார்த்தேன். எல்லாமே விதிக்கு உட்பட்டது. ஓய்வு நேரம்கூட விதி கேட்பதைவிட அதிகம். என் கேள்வி இதுதான்: காலையில் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தபோதே "இன்று என்னால் பறக்க முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டுமா? நீங்கள் எல்லாம் எந்த இடத்தில் கோடு போடுகிறீர்கள்?

ஜன்னலோரம்

நான் வேலை விஷயமாக மாதம் நாலைந்து முறை பறப்பவன், விமானத் துறைக்கும் எனக்கும் வேறு தொடர்பு இல்லை. படிக்கும்போது வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

ஒரு சந்தேகம். விமானிகள் மாதத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் 180, 200 மணி நேரம் வேலை பார்க்கிறோம். 100 மணியில் எப்படி இவ்வளவு களைப்பு? குற்றமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

நாலு கோடு

ஜன்னலோரம், நல்ல கேள்வி. என் வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள். 22 வருடமாகப் பறக்கிறேன், இப்போது நெடுந்தூர விமானங்களில்.

அந்த 100 மணி என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து மறுமுனையில் போய் நின்ற நிமிடம் வரை. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து வானிலை, எரிபொருள், ஆவணங்கள் பார்ப்பது அதில் சேராது. இரண்டு செக்டருக்கு நடுவே தரையில் இருக்கும் 40, 50 நிமிடம் சேராது. கதவை மூடாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் சேராது. பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானத்தை எடுக்கிறோமே, அதுவும் சேராது. இவை எல்லாம் டியூட்டி நேரம் என்ற தனிக் கணக்கு. ஐரோப்பிய விதியை எடுத்துக்கொண்டால் 28 நாளில் பறப்பு 100 மணி, டியூட்டி 190 மணி வரை போகலாம். ஆக உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் மணிக்கணக்கை விட, அந்த மணி எப்போது வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதிகாலை 2 முதல் 6 வரை மனித உடம்பு அடிமட்டத்தில் இருக்கும். உடல் வெப்பம் குறையும், எதிர்வினை மெதுவாகும். அந்த நேரத்தில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவனுக்கும் கண் செருகும். உங்கள் 200 மணியில் எத்தனை மணி அந்த நேரத்தில் வருகிறது?

ஓய்வுக் கணக்கும் இப்படித்தான். 12 மணி நேர ஓய்வு என்று தாளில் இருக்கும். விமானத்தை ஒப்படைத்து, வேனுக்குக் காத்திருந்து, ஹோட்டல் அறைக்குள் நுழையும்போது ஒன்றேகால் மணி நேரம் போயிருக்கும். குளித்து, சாப்பிட்டு, தலைக்குள் ஓடும் எஞ்சின் சத்தம் அடங்க இன்னும் ஒன்றரை மணி. அந்தப் பக்கம், அடுத்த டியூட்டிக்கு இரண்டேகால் மணி நேரம் முன்னால் எழ வேண்டும். மிஞ்சியது ஏழு மணி நேரம். அந்த ஏழும் பகல் 11-லிருந்து மாலை 6 வரை என்றால்? திரைச்சீலை நடுவில் இரண்டு அங்குல இடைவெளி இருக்கும், அதைத் துணிமாட்டும் கிளிப் போட்டு மூடுவோம். வெளியே அறை சுத்தம் செய்யும் வண்டி உருளும். உடம்போ இது தூங்கும் நேரமில்லை என்று அடம்பிடிக்கும். நாலரை மணி தூங்கினால் அதிர்ஷ்டம்.

வலது இருக்கை தம்பிக்கு விரிவாக எழுத வேண்டும். இரவு வருகிறேன்.

தூக்கக்கணக்கு

நான் விமானி அல்ல, தூக்க ஆய்வகத்தில் வேலை. தலையில் கம்பிகளை ஒட்டி இரவு முழுக்க அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில். தம்பி கேட்ட "எங்கே கோடு போடுவது" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

தூக்கம் இழந்த மூளையால், தான் எவ்வளவு இழந்திருக்கிறது என்று அளக்க முடியாது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களை 14 நாள் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றிரண்டு இரவு அறவே தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. "எவ்வளவு தூக்கம் வருகிறது" என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலோ அந்த அளவுக்கு ஏறவில்லை. கொஞ்சம் தூக்கக்கலக்கம், பழகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் காட்டினார்கள். குடித்தவருக்காவது குடித்தது தெரியும்.

இன்னொன்று, நொடித் தூக்கம். கண் திறந்தே இருக்கும், மூளை சில நொடி அணைந்து மீண்டும் எரியும். என் திரையில் அலை தூக்கத்துக்கு மாறியிருக்கும். "இப்போது தூங்கினீர்கள்" என்றால் படுத்திருப்பவர் சத்தியம் செய்வார் தூங்கவே இல்லை என்று. நீங்கள் 6000-ஐப் பார்த்து 7000 என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன. எதிர்பார்க்கும் எண்ணையே மூளை கண்ணுக்குக் காட்டிவிடும்.

அதனால் "முடியாது என்று தோன்றும்போது சொல்கிறேன்" என்று காத்திருக்காதீர்கள். முந்திய மூன்று நாளில் மொத்தம் எத்தனை மணி தூங்கினீர்கள், எழுந்து எத்தனை மணி ஆயிற்று என்ற இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். உணர்வை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

கேள்விக்குறி

கோபம் வரலாம், பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். நான் இரவு லாரி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவன். செவிலியர், டிரைவர், காவலாளி, எல்லாருக்கும் களைப்புதான். விமானிக்கு ஆட்டோபைலட் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார், சம்பளமும் நல்ல சம்பளம். அப்புறம் சிலர் வேறு ஊரில் குடியிருந்துகொண்டு, டியூட்டிக்கே விமானம் பிடித்து வருகிறார்கள். அது நிறுவனத்தின் தப்பா?

பழைய ரோஸ்டர்

கேள்விக்குறி சொல்வதில் கடைசிப் பகுதியை நான் தள்ள மாட்டேன். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு சிறிய விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். அதன் கோபைலட் நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து கிழக்குக் கோடிக்கு வந்து டியூட்டியில் ஏறியவர். கேப்டன் முந்திய இரவு விமான நிலையத்தில் ஊழியர் அறையில் கழித்தவர். விபத்துக்குக் காரணமாக எழுதப்பட்டது, வேகம் குறைந்தபோது கேப்டன் செய்த தவறான செயல். களைப்பும் இருவரையும் பாதித்திருக்கலாம், எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றார்கள் விசாரணையாளர்கள். அந்தக் கோபைலட்டின் சம்பளத்தில் டியூட்டி ஊரில் வீடு எடுப்பதே பெரும்பாடு என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. எல்லா விமானிக்கும் நல்ல சம்பளம் என்பது உண்மை இல்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் 2014 ஜனவரி முதல் அங்கே புது விதி வந்தது: டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்கும் வாய்ப்பு. ஆனால் சரக்கு விமானங்களை அதிலிருந்து விட்டுவிட்டார்கள். சரக்கு விமானம் ஓட்டுபவருக்கும் அதே இரவு, அதே உடம்புதானே? எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

என்னைப் பற்றி: ஒன்பது வருடம் ஒரு விமான நிறுவனத்தில் ரோஸ்டர் போட்டவன். இப்போது அந்த வேலையில் இல்லை. மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மென்பொருளுக்கு விதிகளைக் கொடுத்துவிடுவோம். அது இருக்கிற ஆட்களை வைத்து எல்லா விமானத்தையும் நிரப்பித் தரும். விதி 60 மணி என்றால் 59 மணி 40 நிமிடம் வரை போகும். அதற்குத் தப்பென்றே தெரியாது. திரையில் பச்சை நிறம் காட்டும். விதியை எழுதியவர்கள் "இதற்கு மேல் கூடவே கூடாது" என்று வைத்த எல்லை, எங்களிடம் வரும்போது "இதுவரை போகலாம்" என்று ஆகிவிடும். ஐந்து விடியற்காலை தொடர்ச்சியாக வருவதும் பச்சைதான். மூன்று நாள் மாலை டியூட்டி முடிந்து நாலாம் நாள் அதிகாலைக்கு இழுப்பதும் பச்சைதான். உடம்புக்கு இந்தப் பின்னோக்கிய மாற்றம் ரொம்பக் கடினம். நாளாக நாளாகத் தாமதமாகப் போகும் ரோஸ்டரை உடம்பு ஓரளவு ஏற்கும், முன்னால் இழுத்தால் ஏற்காது. இதெல்லாம் எனக்கு வேலையை விட்ட பிறகுதான் தெரியும்.

மழையோ பழுதோ வந்து அட்டவணை குலைந்தால் போனை எடுப்பேன். "கேப்டன், ஒரு மணி நேரம் எக்ஸ்டென்ட் பண்ண முடியுமா?" விதிப்படி அது கேள்விதான், முடியாது என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நான் அடுத்த வரியில் "180 பயணிகள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சேர்ப்பேன். வேண்டுமென்றேதான் சேர்ப்பேன். முக்கால்வாசிப் பேர் சரி என்றுவிடுவார்கள். அந்த வரியை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது இப்போது சங்கடமாக இருக்கிறது.

விதியை மட்டும் திருத்தினால் போதாது, ஆளும் வேண்டும். இந்தியாவில் 2024 ஜனவரியில் அறிவித்த திருத்தத்தில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று, "இரவு" என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது 6 வரை நீண்டது, இரவு டியூட்டியில் 6 தரையிறக்கம் என்றிருந்தது 2 ஆயிற்று. அருமையான திருத்தம். 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்திலேயே விமானி போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் இருந்தும் ஆள் சேர்க்காததற்கு விதி என்ன செய்யும்?

நாலு கோடு

சொன்னபடி வந்துவிட்டேன்.

கேள்விக்குறி, லாரி ஓட்டுபவரின் களைப்பும் களைப்புதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அவர்களுக்கு இந்த அளவு விதிகூட இல்லாதது அநியாயம். ஆனால் ஆட்டோபைலட் இருப்பது எங்களுக்கு உதவியா என்றால், பாதி நேரம் எதிரி. கையில் வேலை இருந்தால் விழித்திருக்கலாம். இரவு 3 மணிக்கு, கடலுக்கு மேல், ரேடியோவில் பேச்சில்லாமல், மங்கல் வெளிச்சத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிடத் தூங்கவைக்கும் வேலை உண்டா? பக்கத்தில் இருப்பவரும் அதே ரோஸ்டரில் வந்தவர். தம்பியின் கேப்டனுக்கும் அன்று ஐந்தாவது காலை என்பதைப் பாருங்கள். 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் ஒரு ஏ320 விமானத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சுமார் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். கேப்டன் சொல்லிவிட்டுத்தான் தூங்கினார்; விழித்திருக்க வேண்டிய கோபைலட்டும் தன்னையறியாமல் தூங்கிப்போனார். அவர் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். விமானம் பாதை விலகிப் போனது. கேப்டனே விழித்ததால் 153 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள்.

களைப்பு என்றால் தூங்கி விழுவது என்று நினைக்கிறோம். நான் பயப்படுவது அதற்கில்லை. 1993-இல் குவாண்டனாமோ விரிகுடாவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்தது. அமெரிக்க விசாரணை வாரியம் களைப்பையே விபத்தின் காரணமாக எழுதிய முதல் அறிக்கை அதுதான். கேப்டன் 23 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர். ஓடுபாதைப் பக்கம் வேலியில் ஒரு விளக்கு எரிய வேண்டும். அன்று அது எரியவில்லை. அவர் அதையே தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வேகம் குறைகிறது, குறைகிறது என்று சொல்கிறார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை. மூன்று பேரும் பிழைத்தார்கள், அதனால்தான் நமக்கு இது தெரியும். மந்தமாக இருந்தது, எதிலும் அக்கறை எழவில்லை என்று பிறகு சொன்னார். நல்ல விமானி, முழு விழிப்பில், கண் திறந்தபடி.

மங்களூர் விமான விபத்து பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2010 மே 22, 158 பேர் இறந்தார்கள். துபாயிலிருந்து இரவில் கிளம்பிய விமானம். கேப்டனின் குறட்டை குரல்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. எழுந்த கொஞ்ச நேரத்தில், உயரம் மிக அதிகமாக இருந்தும், இறக்கியே தீருவது என்று போனார். மூன்று முறை சொன்னார் கோபைலட், இறக்காமல் மேலே எழும்பிவிடலாம் என்று. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மூளை கால் மணி, அரை மணி நேரத்துக்கு முழுதாக வேலை செய்யாது. விசாரணை அதையும் கணக்கில் எடுத்தது.

அதற்காகக் காக்பிட்டில் தூங்கவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். பல நாடுகளில் அதற்கு முறை உண்டு. அமெரிக்காவில் இன்னும் அனுமதி இல்லை. நாசா 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பசிபிக்கைக் கடக்கும் விமானங்களில் ஒரு குழுவுக்கு 40 நிமிட வாய்ப்புக் கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். இறங்குவதற்கு முந்திய அரை மணி நேரத்தில், ஓய்வு கிடைக்காத குழுவில் 22 நொடித் தூக்கங்கள் பதிவாயின. தூங்கிய குழுவில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் செய்வது இப்படி: ஒருவர் மட்டும், இறங்கத் தொடங்குவதற்கு நிறைய முன்னால், கேபின் ஊழியரிடம் சொல்லிவைத்துவிட்டு. குறித்த நேரத்தில் அவர்கள் போன் அடிப்பார்கள். எழுந்த பிறகு 20 நிமிடம் எந்தப் பொறுப்பும் எடுத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அன்றைய ரோஸ்டர் தந்த பள்ளத்தை இது நிரப்பாது. அந்த ஒரு தரையிறக்கத்துக்குத் துணை, அவ்வளவுதான்.

தம்பி, உன் கேள்விக்கு: ஆம், சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வயதில் நானும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு பிரீஃபிங்கிலும் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்: "நேற்று அஞ்சு மணி நேரம்தான் தூங்கினேன், ஏழுக்கு அஞ்சில் இருக்கிறேன், என்னைக் கவனித்துக்கொள்." ஒன்று என்றால் முழு விழிப்பு, ஏழு என்றால் சுத்தமாக முடியாது. கேப்டன் வாய் திறந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் திறப்பார்.

நிலாமுற்றம்

நான் ஒரு விமானியின் மனைவி. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை 8:20-க்கு வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்த்தேன். 9 மணி ஆகியும் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, சீட் பெல்ட் போட்டபடி ஸ்டியரிங்கில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டு விழித்து என்னைப் பார்த்து, "எந்த ஓடுபாதை?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ராத்திரியில் அத்தனை பேரை இறக்கிவிட்டு, அப்புறம் 35 கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த 35 கிலோமீட்டர் எந்த விதிக்குள் வருகிறது?

மகளுக்கு நாலு வயது. அப்பா தூங்கும்போது சத்தம் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பொம்மையிடம்கூடக் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறாள்.

களைப்பு என்று சொல்லச் சொல்கிறீர்களே, சொன்னால் என்ன ஆகும்? அவர் ஒரு முறை சொன்னார். அந்த டியூட்டிக்குரிய பணம் போனது, "தூங்குவதற்கு அவகாசம் கொடுத்தோமே, ஏன் தூங்கவில்லை?" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு முடியாத நாளில் காய்ச்சல் என்றே சொல்கிறார்.

பழைய ரோஸ்டர்

சகோதரி, அந்தக் கடிதத்தில்தான் எல்லாமே கெட்டுப்போகிறது. காய்ச்சல் என்று வந்தால் நான் காய்ச்சல் என்று பதிவு செய்வேன். மாதக் கடைசியில் நிர்வாகம் பார்க்கும்போது களைப்பு அறிக்கை ஒன்றுமே இருக்காது. "பாருங்கள், நம் ரோஸ்டரில் பிரச்சினையே இல்லை" என்பார்கள். அதே வரிசை அடுத்த மாதமும் பச்சை நிறத்தில் வரும். பத்துப் பேர் ஒரே டியூட்டியைப் பற்றிக் களைப்பு என்று எழுதியிருந்தால், அந்த டியூட்டியைப் பிரிக்கச் சொல்லி என்னிடமே வந்திருப்பார்கள். ஒரு முறை அப்படி வந்தது, பிரித்தோம். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

பின்கேலி

கேபின் ஊழியர் நான். எங்களுக்கும் இதே ரோஸ்டர்தான், ஆனால் எங்கள் களைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன வாரம் இறங்கிய பிறகு கதவின் ஸ்லைடை அணைத்துவிட்டேனா என்று மூன்று முறை பார்த்தேன். அணைக்காமல் திறந்தால் அவசரச் சறுக்கு வெளியே விரிந்துவிடும், கீழே ஆள் நின்றால் அடிபடும். மூன்று முறை பார்த்தும் நம்பிக்கை வராமல் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். களைப்பு அறிக்கைப் படிவம் எங்களுக்கும் இருக்கிறது என்பதே இந்தப் பேச்சைப் படித்துவிட்டுத் தேடியபோதுதான் தெரிந்தது.

கேள்விக்குறி

நிலாமுற்றம் அக்கா எழுதியதைப் படித்தேன். எங்கள் அப்பாவும் லோடு இறக்கிவிட்டு வாசலில் வண்டியிலேயே தூங்கிவிடுவார். எழுப்பினால் "எந்த ஊர்?" என்பார். நான் கேட்ட விதம் சரியில்லை, மன்னிக்கவும். ஸ்டாண்ட்பை என்று ஒன்று சொல்கிறார்களே, வீட்டில் இருப்பதுதானே, அது ஓய்வில் சேராதா?

நாலு கோடு

மன்னிப்பு எதற்கு? உங்களால்தான் பேச்சு நல்ல இடத்துக்கு வந்தது.

ஸ்டாண்ட்பை என்பது போன் எந்த நிமிடமும் அடிக்கலாம் என்ற நிலை. காலை 7-க்கு எழுந்து நாளெல்லாம் காத்திருப்பீர்கள். மாலை 5-க்குக் கூப்பிட்டு இரவு விமானத்தைக் கொடுப்பார்கள். 2017 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கனடிய விமானம், ஓடுபாதை என்று நினைத்து, நாலு விமானங்கள் வரிசையில் நின்ற டாக்ஸிவேயில் (ஓடுபாதைக்குப் போய்வரும் வழி) இறங்கப் போனது. தரையிலிருந்து 60 அடி வரை வந்துவிட்டு மேலே எழும்பியது. இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியாது. அந்தக் கேப்டன் இப்படி ரிசர்வில் காத்திருந்து அழைக்கப்பட்டவர், 19 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவர். அங்கே உள்ளூர் நேரம் நள்ளிரவுக்குச் சற்று முன். அவர் உடம்புக்குக் கிட்டத்தட்ட அதிகாலை 3 மணி. கனடா அதற்குப் பிறகு தன் விதிகளைத் திருத்தியது.

ஜன்னலோரம்

பயணிகள் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? போன வருடம் "விமானிகளின் டியூட்டி நேரம் முடிந்துவிட்டதால் விமானம் ரத்து" என்று அறிவித்தபோது கவுன்ட்டரில் கத்தியவர்களில் நானும் ஒருவன். மாற்று டிக்கெட் கேட்பது என் உரிமை, அதை விட மாட்டேன். ஆனால் பக்கத்தில் பையோடு நின்ற கேப்டனைப் பார்த்து, "ஒரு மணி நேரம் சேர்த்து ஓட்டினால் என்ன?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

வலது இருக்கை

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தூக்கக்கணக்கு சொன்னபடி காகிதத்தில் எழுதினேன். அந்த ஐந்தாம் நாளுக்கு முந்திய மூன்று இரவிலும் சேர்த்து 13 மணி நேரம். எழுதிப் பார்க்கும் வரை 17, 18 இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த 6000 அடி விஷயத்தை அறிக்கையாகக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் அந்தக் கேப்டனுக்குப் போன் செய்து சொன்னேன். சங்கடப்படுவார் என்று பயந்தேன். "நான் நேற்றே கொடுத்துவிட்டேன், உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

நேற்று மீண்டும் நாலாவது விடியற்காலை. இரவு 11:50-க்கு இன்னும் விழித்திருந்தேன். முந்திய மூன்று இரவு, 14 மணி நேரம். ரோஸ்டர் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சின்னப் பையன் போலிருந்தது குரல்.

"நாளைக்கு வர முடியாது."

"காய்ச்சலா சார்?"

"இல்லை. களைப்பு."

மறுமுனையில் சத்தமில்லை. கீபோர்டு தட்டும் ஒலி கேட்டது. "சார், அதுக்கு எந்த கோட் நம்பர் போடணும்னு எனக்குத் தெரியல, பார்த்துட்டு சொல்லட்டுமா?" என்றார். காத்திருந்தேன். மூன்று நிமிடம் கழித்து, "கண்டுபிடிச்சிட்டேன் சார். இந்த மாசத்துல இதுதான் முதல்" என்றார்.

போனை வைத்ததும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது காலை 10:40. விளக்கம் கேட்டுக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் அந்த இரண்டு எண்களையும் அப்படியே எழுதி அனுப்பப் போகிறேன். நாலு கோடு அண்ணா, பதில் அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்ப்பீர்களா?

நாலு கோடு

அனுப்பு தம்பி. நாளை இரவு டியூட்டி, மதியம் 2 முதல் 7 வரை போனை அணைத்திருப்பேன். அதற்கு முன்னால் அனுப்பினால் உடனே பார்க்கிறேன்.